ஆடியிலேயே தொடங்குகிற பொங்கல்

நேயர்களுக்கு வணக்கம்.

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளோடு பண்டிகை கொண்டாடுவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் அங்கன்வாடிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவள். பண்டிகை என்றால் இப்போது பல இடங்களில் என்ன நடக்கிறது? பெண் பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை, ஆண் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டி, கலர் பேப்பர் சுற்றிய பானை, கரும்புக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ. பதினோரு மணிக்குள் வேட்டி அவிழ்ந்து, பிள்ளை அழுது, எல்லாம் முடிந்துவிடும். அது பெற்றோருக்கான விழா. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்கான பண்டிகை அதற்கு வெகு முன்னாலேயே தொடங்க வேண்டும்.

எவ்வளவு முன்னால்? பொங்கலுக்கு ஆடியிலேயே.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே, அதைத்தான் சொல்கிறேன். ஜூனில் சேர்ந்த பிள்ளைகள் அழுகை ஓய்ந்து உட்காரப் பழகியிருக்கும் நேரம் அது. வேலியோரம் அவரை விதை ஊன்றச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரே ஒரு விதை, அதுவும் எண்ணிக் கொடுத்து, எண்ணி மண்ணில் போட வைக்க வேண்டும். மூக்குக்குள் திணித்துக்கொள்ள அவரை விதை அவ்வளவு வாகான அளவு! மறுநாள் காலையில் வந்ததும் அவர்கள் செய்யும் முதல் வேலை, முளைத்துவிட்டதா என்று தோண்டிப் பார்ப்பது. திட்டிப் பயனில்லை. ஒரு பிளாஸ்டிக் டம்ளருக்குள் ஈரப் பஞ்சை வைத்து, ஓரமாக வெளியே தெரிகிற மாதிரி இரண்டு விதை சொருகி ஜன்னலில் வைத்துவிடுங்கள். தோண்டுகிற கை அங்கே போய் நின்றுவிடும். ஆடியில் ஊன்றியது மார்கழி, தை மாதங்களில் காய்க்கும். பொங்கல் குழம்புக்கான அவரையைப் பிள்ளைகளே பறித்து நார் உரிக்கலாம்.

ஆடி என்றதும் சுவர்ப் படங்களில் பொங்கி வரும் ஆற்றைத்தான் காட்டுகிறார்கள். காவிரிக்கரைப் பிள்ளைக்கு அது சரி. நம் பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான். 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியது இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நினைவிருக்காது. வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு ஆடி என்றால் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி, வேப்பிலைத் தோரணம், கிருத்திகைக்கு வள்ளிமலைக்கும் இரத்தினகிரிக்கும் போகிற காவடிகள், அப்புறம் கூழ்.

கூழை வகுப்பிலேயே தொடங்கலாம். எல்லோரும் கை கழுவிய பிறகு, அகலமான பேசினில் கேழ்வரகு மாவைக் கொட்டி, தண்ணீரை அவர்களே ஊற்றட்டும். முதலில் விரலிடுக்கில் பிசுபிசுவென்று ஒட்டும், பிறகு கட்டி கட்டியாக நிற்கும். ஒளிந்திருக்கும் கட்டியைத் தேடிப் பிடித்து நசுக்குவதே பெரிய விளையாட்டு. மூடி வைத்து மறுநாள் திறந்தால் புளித்த வாசனை வரும். ஆளாளுக்கு முகத்தைச் சுளிப்பார்கள். காய்ச்சுவது நம் வேலை. நொய்யைக் குழைய வேகவிட்டு, கரைத்த மாவை ஊற்றிக் கிண்டி, ஆறியதும் மோரும் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் சேர்த்துக் கொடுங்கள். வீட்டில் கூழைத் தொடாத பிள்ளையும், தான் கரைத்தது என்றால் ஒரு வாய் குடித்துப் பார்க்கும்.

மற்ற பண்டிகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் போதும். எருக்கம்பூ மாலையைப் பெரியவர்களே கட்டட்டும். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. நவராத்திரிக் கொலுவில் பிள்ளைகள் கொண்டு வரும் லாரிக்கும் டைனோசருக்கும் ஒரு படி ஒதுக்குங்கள். கார்த்திகைக்கு மாவளி, அதாவது கரித்தூள் பொட்டலத்தைப் பற்றவைத்துக் கயிற்றில் கட்டிச் சுற்றுவது அழகுதான், ஆனால் பொறி பறக்கும். இந்த வயதில் எட்ட நின்று பார்த்தால் போதும். வகுப்பை இருட்டாக்கி டீச்சர் ஒரு அகல் ஏற்றட்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் நோன்புக் கஞ்சியும் பிள்ளைகளுக்குத் தெரிந்த ருசி. ரம்ஜான் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து வரும் என்பதால், காலண்டரைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

எருது விடும் விழா நடக்கிற தெருவுக்கு இந்த வயதுப் பிள்ளைகளை அழைத்துப் போகவே வேண்டாம். மாட்டுப் பொங்கலுக்கு, சாதுவான வீட்டு மாட்டுக்குக் கொம்பில் வண்ணம் பூசுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கட்டும். வேர்க்கடலை கொடுப்பதானால் இடித்து வெல்லத்தோடு கொடுங்கள். முழுக் கடலை சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கும்.

இன்னொன்று. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை இல்லை. அந்தப் பிள்ளை பழைய சட்டையில்தான் வரும். எல்லோர் எதிரிலும் "புதுசு எங்கே?" என்று கேட்டுவிடாதீர்கள். எல்லோரும் புதுத்துணியில்தான் வர வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லி அனுப்புவதும் எனக்குப் பிடிக்காது. கடன் வாங்கிக்கூட வாங்குவார்கள்.

சரி, வேலூரில் சத்துவாச்சாரி மாதிரி நெருக்கமான இடத்தில் வேலிக்கு எங்கே போவது என்பீர்கள். மொட்டை மாடியில் அரிசிச் சாக்கில் மண் நிரப்பினாலும் அவரை வரும், கொடி ஏறக் கயிறு மட்டும் கட்டுங்கள். அசுவினிப் பூச்சி வந்தால் மருந்து அடிக்க வேண்டாம், பிள்ளைகள் கை படுகிற செடி. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அந்த வேலையை அவர்களிடமே விடுங்கள், சண்டை போட்டுக்கொண்டு செய்வார்கள்.

நன்றி, வணக்கம்.