ஆளில்லாத கடையும் பூத்துக் கெடுத்த மூங்கிலும் | மிசோரம் வ்லாக்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் அதிகமாகக் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், மைக்கில் மாட்டுகிற பஞ்சை நேற்று எங்கேயோ தொலைத்துவிட்டேன். மிசோரம் தலைநகர் ஐஸாலில் இருந்து சம்பாய் என்கிற ஊருக்குப் போகிற மலைச்சாலையில் நிற்கிறேன். மணி மூன்றேகால்தான், அதற்குள் வெயில் மஞ்சளாகிவிட்டது. டிசம்பரில் இங்கே நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கடிகாரம் மட்டும் நம் ஊர்க் கடிகாரமேதான்! அதனால் வேகமாகப் பேசிவிடுகிறேன்.

பின்னால் ஒரு மூங்கில் பந்தல் தெரிகிறதா? கிட்டே காட்டுகிறேன். பலகையில் நான்கு கூறு சௌசௌ. நம் வீட்டுக் கூட்டில் போடுகிற அதே சௌசௌதான், இங்கே பெயர் இஸ்குட். பக்கத்தில் கடுகுக்கீரைக் கட்டு. அட்டையில் பேனாவால் 30 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கம்பத்தில் இரண்டு பிளாஸ்டிக் டப்பா தொங்குகிறது. ஒன்றில் காசு போட வேண்டும், மற்றதில் மீதிச் சில்லறையை நாமே எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர்? இல்லை. கேமராவும் இல்லை. கீழே சரிவில் தன் காட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ‘ஙா லோ டோர்’ என்பார்கள், ஆள் காத்திருக்காத கடை என்று அர்த்தம். யாரும் சுற்றுலாவுக்காக ஆரம்பித்ததில்லை. கடையில் உட்கார்ந்தால் விவசாயம் கெடும், விவசாயத்துக்குப் போனால் கடை கெடும், அவ்வளவுதான் கணக்கு.

கிளம்பும்போது அம்மா கேட்டது, ‘மிசோரமா? பாஸ்போர்ட் வேண்டுமாடா?’ சிரிக்காதீர்கள், பாதி சரியான கேள்விதான் அது. பாஸ்போர்ட் வேண்டாம், ஆனால் வெளி மாநிலத்தவர் உள்ளே வர இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். 1873-ல் வெள்ளைக்காரன் போட்ட விதியின் தொடர்ச்சி. மொத்த மாநிலத்துக்கும் லோக்சபாவில் ஒரே ஒரு எம்.பி. தலைநகருக்குப் பக்கத்தில் சாய்ராங் வரைக்கும் ரயில் வந்ததே 2025 செப்டம்பரில்தான். 51 கிலோமீட்டர் பாதைக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். ஒரு பாலத்தின் உயரம் குதுப்மினாரைவிட அதிகம். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த மலை முழுக்கத் தெரிகிற மூங்கிலைப் பற்றி. இங்கே அதிகம் இருப்பது மௌதாக் என்கிற வகை. நம் குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் இல்லையா, இது ஏறக்குறைய 48 வருடத்துக்கு ஒருமுறை. நாலு குறிஞ்சிக் காலம்! பூத்ததும் மலைமலையாக மொத்தமும் காய்த்து, மொத்தமும் செத்துவிடும். காய் நம் மூங்கிலரிசி மாதிரி நெல்மணி அளவில் இருக்காது, பேரிக்காய் அளவுக்குச் சதைப்பற்றாக இருக்கும். எலிகளுக்கு விருந்து. தின்று தின்று கணக்கில்லாமல் பெருகும். காய் தீர்ந்ததும் அத்தனை எலியும் இறங்குவது மலைச்சரிவு நெல்லில். ராத்திரியோடு ராத்திரியாக வயல் காலி. இதற்கு ‘மௌதாம்’ என்று பெயர், மூங்கில் சாவு.

1911-ல் ஒரு மௌதாம் வந்தது. அந்த ஞாபகம் இருந்த பெரியவர்கள் விரல் விட்டு எண்ணி, 1959-ல் அடுத்தது வரும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். அப்போது இது அசாமுக்குள் ஒரு மாவட்டம். மாவட்ட கவுன்சில் 1958-லேயே அசாம் அரசிடம் நிவாரணம் கேட்டது. மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. மூங்கில் சொன்ன தேதிக்கு வந்தது, எலியும் வந்தது, பஞ்சமும் வந்தது.

அரிசியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்க 1960-ல் ஓர் அமைப்பு உருவானது, மிசோ தேசியப் பஞ்ச முன்னணி. தலைவர் லால்தெங்கா, பழைய ராணுவ ஹவில்தார். (இடையில் ஒன்று: மிசோ பெயர் ‘ஆ’ என்று முடிந்தால் ஆண், ‘ஈ’ என்று முடிந்தால் பெண். விடுதிப் பதிவேட்டில் என் பெயரைப் பார்த்துக் குழம்பிப்போனார்கள்.) 1961 அக்டோபரில் அந்தப் பெயரில் இருந்து ‘பஞ்ச’ என்ற சொல்லை மட்டும் எடுத்தார்கள். மிசோ தேசிய முன்னணி, அதாவது அரசியல் கட்சி. 1966 பிப்ரவரி 28 இரவு, தனி நாடு கேட்டு ஆயுதக் கிளர்ச்சி. சில நாளில், மார்ச் 5-ல், ஐஸால் மேல் குண்டு விழுந்தது. போட்டது இந்திய விமானப்படை. சொந்த நாட்டு ஊர் ஒன்றின்மேல் அப்படிச் செய்தது அந்த ஒரு முறைதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நான் இதைப் படித்ததில்லை. நீங்கள் படித்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.

அடுத்த வருடத்தில் இருந்து கிராமங்களைக் காலிசெய்து, சாலையோரம் ராணுவக் காவலில் சேர்த்துக் குடியமர்த்தினார்கள். இருபது வருடம் இப்படியே போய், 1986 ஜூன் 30-ல் இந்திய அரசுக்கும் முன்னணிக்கும் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய லால்தெங்கா முதலமைச்சர் ஆனார். 1987 பிப்ரவரி 20-ல் மிசோரம் 23-வது மாநிலம்.

அப்புறம் 2007-ல் மூங்கில் மறுபடி பூத்தது, சொல்லி வைத்த மாதிரி. இந்த முறை மூடநம்பிக்கை என்று யாரும் சொல்லவில்லை. எலி வாலைக் கொண்டுவந்து காட்டினால், ஒரு வாலுக்கு 2 ரூபாய் என்று அரசே கொடுத்தது. வால் வாலாகக் கட்டி எடுத்துவந்து எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள்!

அடுத்த பூ 2055 வாக்கில். எனக்கு அப்போது அறுபது தாண்டியிருக்கும். முட்டி ஒத்துழைத்தால் இதே வளைவில் நின்று வீடியோ போடுகிறேன்.

சரி, வெளிச்சம் போகிறது. ஒரு கூறு இஸ்குட் எடுத்துக்கொள்கிறேன், தங்குகிற வீட்டில் சமைத்துத் தருவதாகச் சொன்னார்கள். 50 ரூபாய் நோட்டு இந்த டப்பாவில்... மீதி 20 அந்த டப்பாவில் இருந்து... பார்த்தீர்களா, பத்தும் ஐந்துமாகத்தான் இருக்கிறது, ஐந்து ரூபாய்க் காசு ஒன்று குறைகிறது. இருக்கட்டும், அடுத்து வருகிறவருக்கு.