வாணியனுக்குக் கொடுங்கள்

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்த தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாக நம் ஊர்த் தறியில் நெய்த துண்டைப் போர்த்தி என்னை நெகிழவைத்த நூலக வாசகர் வட்டத் தம்பிகளே, முன்னால் பாய் விரித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

செக்கு, சந்தை, சமையல்கட்டு என்று மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். செக்கிலிருந்து தொடங்குகிறேன்.

‘வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு’ என்பார் என் அப்பத்தா. வாணியன் என்றால் செக்காட்டி எண்ணெய் எடுப்பவர். எனக்கு அப்போது ஏழு வயது. எள் காய்ந்ததும் தாத்தா மூட்டையை வண்டியில் ஏற்றுவார். மூட்டை மேல் நான். செக்கடித் தாத்தா மாட்டைப் பூட்டிவிட்டு என்னைத் தூக்கிச் செக்குப் பலகையில் உட்கார வைப்பார். சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுக்கும், இறங்க மாட்டேன். எள் நசுங்கி வரும்போது கருப்பட்டியைத் தட்டிப் போடுவார். அப்போது ஒரு வாசம் எழும் பாருங்கள், தெருக்கோடி வரைக்கும் போகும்! உரலின் ஓரத்தில் ஒட்டிய பிண்ணாக்கை வழித்து, வெதுவெதுப்பாக என் உள்ளங்கையில் வைப்பார். கூலியில் பாதி காசு, பாதி பிண்ணாக்கு. மிச்சப் பிண்ணாக்கு எங்கள் பசுவுக்கு. அந்தப் பசுவின் பால் செக்கடி வீட்டுக் குழந்தைக்கு. சாணம் மறுபடி எங்கள் எள்ளுக் காட்டுக்கு. உலக்கை தேய்ந்தால் தச்சருக்கு வேலை. ஒரு மூட்டை எள்ளில் எத்தனை வீட்டு அடுப்பு எரிந்தது!

இந்தக் கணக்கைத்தான் ஜே.சி. குமரப்பா நாட்டுக்கே போட்டுக் காட்டினார். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். காந்தியடிகள் 1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது, வார்தாவில் அதை முன்னின்று நடத்தினார். செக்கும் கைக்குத்தல் அரிசியும் அவருக்குப் பொருளாதாரப் பாடங்கள். கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டியில் கழித்து, 1960-ல், காந்தி மறைந்த அதே ஜனவரி 30-ல் மறைந்தார்.

அடுத்தது சந்தை. 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, விளைவித்தவரே தராசைப் பிடித்தார். தலைவர் அவர்களே, நம் செவ்வாய்ச் சந்தைத் திடலை வண்டி நிறுத்துமிடம் ஆக்கப்போவதாகக் காதில் விழுகிறது. மேடையிலேயே கேட்கிறேன், அந்தத் திடலை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்! திடலின் மூலையில் ஒரு கொட்டகை மட்டும் கொடுங்கள். மாடு பூட்ட ஆளில்லையா, மரச்செக்குக்கு மோட்டார் பூட்டுவோம். இருநூறு வீடு மாதம் இரண்டு லிட்டர் வாங்கினால் நானூறு லிட்டர். பாக்கெட் எண்ணெய்க்கு வெளியூர் போகிற காசு நம் தெருவிலேயே புழங்கும். வாணியனுக்குக் கொடுங்கள் ஐயா!

சமையல்கட்டைப் பற்றித் தாய்மார்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வாசல் மேசையில் செக்குக் கொட்டகை கேட்கும் கையெழுத்து நோட்டு இருக்கிறது. பெயருக்கு நேரே, உங்கள் வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் என்றும் எழுதிவிட்டுப் போங்கள். அந்த நோட்டைச் செவ்வாய்க்கிழமை காலையில் ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்கிறோம்.