பென்டிரைவ் யாருக்குச் சொந்தம்? ஒரு காப்புரிமைச் சண்டை

[திரையில்: ஒரு பென்டிரைவ், மிக அருகில்]

பென்டிரைவை முதலில் கண்டுபிடித்தது யார்? இஸ்ரேலில் கேட்டால் எம்-சிஸ்டம்ஸ் என்பார்கள். சிங்கப்பூரில் கேட்டால் டிரெக் 2000. சீனாவில் கேட்டால் ஷென்ஜென் நகரத்து நெட்டாக். இந்த மூன்று நிறுவனங்களின் கையிலும் காப்புரிமை (பேட்டன்ட்) இருந்தது. அது எப்படி?

[திரையில்: தேதிகள் ஒவ்வொன்றாக]

எம்-சிஸ்டம்ஸ் அமெரிக்காவில் விண்ணப்பித்தது 1999 ஏப்ரலில். நெட்டாக் சீனாவில் விண்ணப்பித்தது அதே ஆண்டு நவம்பரில். டிரெக் விண்ணப்பித்த நாள் 2000 பிப்ரவரி 21. சில நாள் கழித்து, ஜெர்மனியின் ஹானோவரில் நடந்த செபிட் கணினிக் கண்காட்சியில் தன் ‘தம்ப்டிரைவை’ அது காட்சிக்கு வைத்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். பொருளை ஊருக்குக் காட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால், ‘இது ஏற்கெனவே வெளியே தெரிந்ததுதானே’ என்று பல நாடுகளில் காப்புரிமையை மறுத்துவிடுவார்கள்.

அந்த ஆண்டுக் கடைசியில் எம்-சிஸ்டம்ஸின் சாதனத்தை ஐபிஎம் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. கொள்ளளவு 8 எம்பி. அன்று எல்லோரும் வைத்திருந்த ஃபிளாப்பியில் 1.44 எம்பிதான் அடங்கும். சந்தை எவ்வளவு பெரிதாகும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

[திரையில்: காப்புரிமை ஆவணத்தின் ஒரு பக்கம்]

இப்போது சண்டையின் மையத்துக்கு வருவோம். ‘பென்டிரைவ்’ என்ற பெயருக்கோ எண்ணத்துக்கோ யாரும் காப்புரிமை தருவதில்லை. ஆவணத்தின் கடைசியில் எண் போட்டு எழுதியிருக்கும் உரிமைக்கோரிக்கைகள்தான் எல்லாம். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதைப் போல, இதுவரை என்னுடையது என்று சொற்களால் வேலி போடுவார்கள்.

எம்-சிஸ்டம்ஸின் வேலி, ஃபிளாஷ் நினைவகத்தை (மின்சாரம் நின்றாலும் தகவலை வைத்திருக்கும் சில்லு) யூஎஸ்பி வழியே கணினியோடு பேசவைக்கும் உள்ளமைப்பைச் சுற்றிப் போடப்பட்டது. டிரெக்கின் வேலி வேறு இடத்தில்: யூஎஸ்பி முனை சாதனத்தின் உடலோடு சேர்ந்தே இருக்கும், இடையில் கேபிள் கிடையாது, கணினியில் நேராகச் செருகலாம்.

கேபிளை எடுத்துவிட்டால் அது கண்டுபிடிப்பா? இந்தத் துறையில் இருக்கும் எவருக்கும் தோன்றியிருக்கக் கூடியதுதானே என்று எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனாலும் என் மனம் டிரெக் பக்கமே சாய்கிறது. பார்த்த பிறகு எல்லாமே எளிதாகத்தான் தெரியும். இன்று நாம் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதற்கே அந்தக் கேபிள் இல்லாததுதான் காரணம்.

சிங்கப்பூரில் டிரெக் தொடுத்த வழக்கில் எம்-சிஸ்டம்ஸும் ஒரு பிரதிவாதி. காப்புரிமையே செல்லாது என்று அவர்கள் எதிர்வழக்காடினார்கள். 2005-இல் உயர் நீதிமன்றமும், பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றமும் டிரெக் பக்கம் தீர்ப்பளித்தன. பிரிட்டனில் நடந்ததோ நேர்மாறு. அங்கே டிரெக்கின் காப்புரிமை ரத்தானது.

[திரையில்: உலக வரைபடம், நாட்டு எல்லைகள் ஒளிர்கின்றன]

இதில் முரண்பாடு இல்லை. உலகக் காப்புரிமை என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி வழங்குகிறது, தன் நீதிமன்றத்தில் சோதிக்கிறது. சிங்கப்பூர்த் தீர்ப்பு லண்டன் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது.

நெட்டாக் சீனாவில் உள்ளூர்ப் போட்டியாளரான ஐகோ, ஜப்பானின் சோனி என்று பலரை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2004 டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்ததும், 2006-இல் பிஎன்ஒய் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மேல் டெக்சாஸில் வழக்குப் போட்டது.

இத்தனை வழக்குக்கும் நடுவே பெரும்பாலான தயாரிப்பாளர்கள் டிரெக்கையோ நெட்டாக்கையோ கேட்காமலே பென்டிரைவைச் செய்து விற்றார்கள். நாடு நாடாகப் போய் வழக்காடப் பணமும் காலமும் வேண்டும். காப்புரிமைக்கோ விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுதான் ஆயுள். 1999-இலும் 2000-இலும் தாக்கலான இந்த விண்ணப்பங்களுக்கு அந்தக் கெடு 2020-க்குள் முடிந்துவிட்டது.