அடிபம்பில் வந்த பெட்ரோல் வாசனை

நேயர்களுக்கு வணக்கம்.

2013-ல் தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்தேன். அங்கே பூமிக்கடியில் போகிற எண்ணெய்க் குழாயில் கசிவு. அந்த வீட்டு அம்மா அடிபம்பில் நாலு அடி அடித்தார். பச்சை பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் விழுந்தது. குனிந்து பார்ப்பதற்கு முன்பே பெட்ரோல் பங்க் வாசனை. தண்ணீர் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம். அந்த அம்மா கேட்டார்: "சார், மேல இருக்கிறத மொண்டு ஊத்திட்டு, மிச்சத்தக் கொதிக்க வச்சா சரியாயிடுமா?"

சரியாகாதும்மா என்றேன். படலம் கண்ணுக்குத் தெரிகிறது. பெட்ரோலில் இருக்கும் பென்சீனில் கொஞ்சம் தண்ணீரில் கரைந்துவிடும். அது கண்ணுக்குத் தெரியாது. புற்றுநோய் வரவழைக்கக்கூடிய பொருள் அது. கொதிக்க வைத்தால் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும், அவ்வளவுதான். இருந்த இடம் மாறுகிறது. நஞ்சு கலந்த நிலத்தைச் சுத்தம் செய்வது பற்றி இன்றைக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் இதுதான். இடம் மாறினால் அது சுத்தம் ஆகாது.

குழாயை அடைத்துவிட்டால் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்போம். மழைக்காலம் வந்தால் தெரியும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ரசத்தின் மேல் மிதக்கிற மாதிரி நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெயும் கூடவே இறங்கும், வழியெல்லாம் மண்ணில் பூசிக்கொண்டே. ஐப்பசி, கார்த்திகையில் மட்டம் ஏறும்போது, பூசியிருந்ததில் கொஞ்சம் கழன்று தண்ணீரோடு மேலே வரலாம். கோடையில் பம்பு போட்டு இறைத்து, சோதித்து, "எண்ணெய் இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார்கள். தீபாவளி முடிந்த பிறகு குடத்தில் மறுபடியும் அந்தப் படலம் வரலாம். ஆகவே, ஒரு வடகிழக்குப் பருவமழையைப் பார்க்காமல் சென்னையில் எந்த நிலத்தையும் சுத்தமாகிவிட்டது என்று சொல்லக் கூடாது. இதை எங்கே பேசப் போனாலும் சொல்வேன்.

சரி, இப்படி ஒரு இடத்துக்குப் போனால் முதலில் என்ன செய்வது? மூன்று கேள்வி கேட்க வேண்டும். நஞ்சு எங்கே இருக்கிறது? எந்த வழியாக வெளியே போகிறது? யாரைப் போய்ச் சேருகிறது? வழி என்பது கிணறாக இருக்கலாம், புழுதியாக இருக்கலாம், மண்ணில் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடுகிற குழந்தையாகவும் இருக்கலாம். வழியை மறித்தால் ஆள் தப்பிப்பார். அந்த அம்மாவுக்கு மறுநாளே லாரித் தண்ணீர் வந்தது என்றால் அது வழியை மறித்தது. நல்ல காரியம்தான். ஆனால் நஞ்சு அங்கேயேதான் இருக்கிறது.

சுத்தம் செய்ய நிறையப் பேருக்குப் பிடித்த முறை ஒன்று உண்டு: மண்ணை வெட்டு, லாரியில் ஏற்று, ஊருக்கு வெளியே கொட்டு. ஊருக்கு வெளியே என்றால் யாரோ ஒருவருடைய ஊருக்குள். அடியில் கசியாத விரிப்பு போட்டு, மேலே மூடி, கசிகிறதா என்று பார்க்கச் சுற்றிலும் கண்காணிப்புக் கிணறு வைத்த இடத்துக்குக் கொண்டு போனால் ஒத்துக்கொள்கிறேன். ஏரிக்கரையில் கொட்டினால் இடம்தான் மாறியிருக்கிறது.

அப்படியானால் உண்மையில் நஞ்சைப் போக்க முடியுமா? சிலவற்றை முடியும். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமிய ஆலையின் கழிவு மலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் குரோமியத்துக்கு இரண்டு முகம். ஒன்று மஞ்சளாகத் தண்ணீரில் கரைந்து ஓடும், கொடிய நஞ்சு. இன்னொன்று அவ்வளவாகக் கரையாது, மண்ணோடு படிந்துவிடும், நஞ்சும் மிகக் குறைவு. முதல் வகையை இரண்டாவது வகையாக மாற்ற உதவுகிற ஒரு சரக்கு நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும்: அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். கண்ணாடிக் குவளையில் மஞ்சள் தண்ணீரை எடுத்து அன்னபேதிக் கரைசலை ஊற்றிப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன். மஞ்சள் போய், கலங்கி, அடியில் வண்டல் நிற்கும். ஒரு குவளைக்கு ஒரு நிமிஷம். ஒரு மலைக்கு எவ்வளவு காலம், எவ்வளவு பணம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிரிகளும் மண்ணிலேயே இருக்கின்றன. காற்றும் சத்தும் கொடுத்தால் வேலை செய்யும். பாதரசம், ஈயம் போன்றவற்றைத் தின்று தீர்க்க எதனாலும் முடியாது. அவற்றைப் பிரித்தெடுக்கலாம், அல்லது நகராமல் பிடித்து வைக்கலாம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடியது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாமா என்று அதற்கப்புறம் எத்தனை வருஷம் வாதாடினார்கள்! எவ்வளவு சுத்தம் போதும் என்பது அங்கே யார் வாழப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கிடங்குக்குப் போதுமானது பள்ளிக்கூடத்துக்குப் போதாது.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளைக் கிளறிச் சலித்துப் பிரிக்கிற பயோமைனிங் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒரு வரி மட்டும்: சலித்தெடுத்த மண் எங்கே போகிறது என்று கேளுங்கள். ஆர்சனிக் என்ற நஞ்சை மண்ணிலிருந்து உறிஞ்சும் பெரணிச் செடிக்கும் அதே கேள்விதான். அறுத்த இலை எங்கே போகிறது?

மனை வாங்குகிறவர்களுக்கு ஒன்று. வில்லங்கச் சான்றிதழில் யார் யாருக்கு விற்றார்கள் என்று இருக்கும், அங்கே முன்பு சாயப்பட்டறை இருந்ததா, பழைய பேட்டரி உருக்கினார்களா என்று இருக்காது. தெருமுனையில் வயதானவர் யாராவது உட்கார்ந்திருப்பார், அவரிடம் கேளுங்கள். இருந்தது என்றால், போர் போடுவதற்கு முன்பே மண்ணைச் சோதித்துவிடுங்கள். மேலே ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால் போதாது. நாலைந்து இடத்தில், ஆளுயர ஆழம் வரை எடுக்கச் சொல்லுங்கள். வணக்கம்.