ஐந்தரை லட்சம் குடுத்தும் ஏன் கடன்? சனமே கட்டுற வீட்டுத்திட்டம் பற்றின கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் இருந்து ஒரு கேள்வி வந்திருக்கு, வாசிக்கிறன். "இந்திய வீட்டுத்திட்டத்தில ஐந்தரை லட்சம் குடுத்தும் எங்கட ஊரில கனபேர் நகை அடகு வைச்சுத்தான் வீட்டை முடிச்சவை. சனத்தின்ர கையில காசைக் குடுத்துக் கட்டச் சொல்லுறது பிழையான முறையோ? இப்ப எங்கட சங்கம் 20 குடும்பத்துக்கு வீடு கட்ட உதவி எடுக்கப் பாக்குது. கொம்பனியிட்டக் குடுக்கிறதோ, நாங்களே கட்டுறதோ?"

நீங்களே கட்டுங்கோ. ஆனா அந்தக் கடன் எங்க இருந்து வந்தது எண்டு முதல்ல விளங்கிக்கொள்ளுங்கோ.

2010ல இந்தியா 50,000 வீடு தாறம் எண்டு அறிவிச்சது. முதல் 1,000 வீட்டை ஒப்பந்தக்காரர் கட்டிச்சினம். 2012 ஒக்ரோபர் 2ஆம் திகதி தொடங்கின இரண்டாம் கட்டத்தில, வடக்கு கிழக்கில 45,000 வீடு. புது வீட்டுக்கு 550,000 ரூபாய், திருத்த வேலைக்கு 250,000. காசு பயனாளியின்ர வங்கிக் கணக்குக்கே நேர வரும். ஒரு கட்ட வேலை முடிஞ்சு, அதைப் பாத்து உறுதிப்படுத்தினாத்தான் அடுத்த தவணை.

கடன் தொடங்கிறது அத்திவாரத்தில. திட்டத்தின்ர படம் ஏறத்தாழ 550 சதுர அடி. அத்திவாரம் வெட்ட இடம் குறிச்சுக் குடும்பம் கயிறு பிடிக்கேக்க அது 800 ஆகிடும். இதை ஆசை எண்டு சொல்லிக் குறை சொல்ல மாட்டன். எங்கட பக்கம் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குச் சீதனமாப் போறது, தாய் தகப்பன் அதை நினைச்சுத்தான் பெருசாக்கினம். ஆனா கணக்கைப் பாருங்கோ. 16க்கு 8 அங்குலச் சீமெந்துக் கல்லு 100 சதுர அடிச் சுவருக்கு ஏறத்தாழ 112 தேவை. 550 சதுர அடி வீட்டுக்கு 1,450 கல்லளவில போகும், 800க்கு 1,900 தாண்டும். கூரை இன்னும் மோசம், பரப்பளவு 45 வீதம் கூடினா மரமும் ஓடும் அதே 45 வீதம் கூடும். அத்திவாரம் போடேக்க இந்த வித்தியாசம் தெரியாது. மரமும் ஓடும் வாங்கப் போகேக்கதான் கையில காசு இல்லை எண்டு தெரியவரும். பாதியில நிண்ட கனக்க வீடு சுவர் மட்டத்தில நிண்டதுக்குக் காரணம் இதுதான்.

அதுக்கு என்ன செய்யலாம்? 800 சதுர அடிக்கே படம் கீறுங்கோ, 550ஐ மட்டும் இப்ப கட்டுங்கோ. பின்னுக்கு வரப்போற அறைக்கான கதவு வாசலுக்கு இப்பவே லிண்டல் (வாசலுக்கு மேல சுவரைத் தாங்கிற கொங்கிறீற் விட்டம்) போட்டு, நடுவைக் கல்லால அடைச்சு விடுங்கோ. அந்தக் கல்லைச் சுவரோட பிணைக்காதேங்கோ, பிறகு லேசாக் கழட்டலாம். சுவர் முடியிற இடத்தில, ஒரு வரி விட்டு ஒரு வரி கல்லு வெளிய நீட்டி நிக்கிற மாதிரிப் பல்லு விட்டு நிப்பாட்டுங்கோ. கூரையின்ர முக்கோணச் சுவர் அறை நீளப்போற பக்கம் வரோணும், அப்பதான் அதே வளையை (கூரையின்ர நீட்டு மரத்தை) அப்படியே நீட்டலாம். தண்ணி வடியிற தாழ்வாரப் பக்கம் அறையை ஒட்டினா, இரண்டு கூரையும் சந்திக்கிற இடத்தில மழைக்கு ஒழுகும்.

கடனுக்கு இரண்டாவது காரணம், காலம். புரட்டாசி, ஐப்பசியில அத்திவாரம் வெட்டினா மாரி மழையில கிடங்கு நிரம்பும், கரை இடிஞ்சு விழும். ஆடி, ஆவணியில கிணத்துத் தண்ணி இறங்கிடும், அந்த நேரம் சீமெந்துக் கல்லு அரிஞ்சா (அச்சில வார்த்தா) நனைக்கத் தண்ணி இராது. அரிஞ்ச கல்லை ஏழு நாளாவது ஈரமா வைச்சிருக்கோணும். நனையாத கல்லு ஏத்தி இறக்கேக்கயே மூலை உடையும். அதால பொங்கல் முடிஞ்ச கையோட அத்திவாரம், பங்குனி, சித்திரைக்குள்ள கல்லு, ஆவணிக்குள்ள கூரை. காசு தாறவையிட்டயும் இந்த நாட்காட்டியைக் காட்டிக் கதையுங்கோ. முதல் தவணை ஐப்பசியில வாறதெண்டா, அதைத் தைக்குத் தள்ளித் தரச் சொல்லிக் கேளுங்கோ.

மூண்டாவது காரணம், எல்லாரும் ஒரே நேரத்தில தொடங்கினது. ஊர் முழுக்கக் கட்டேக்க மணலும் மேசன் கூலியும் ஏறும். ஒரு மேசன் நாலு வீட்டில முற்காசு வாங்கிப்போட்டு ஒரு வீட்டிலயும் ஒழுங்கா நிக்கமாட்டார். தவணை பிந்தினா ஹாட்வெயார் கடையில கடனுக்கு வாங்கவேணும், அந்த விலை வேற. நீங்கள் 20 குடும்பம்தானே, ஐந்து ஐந்தாப் பிரியுங்கோ. முதல் அஞ்சு அத்திவாரம் முடிச்சுச் சுவருக்குப் போகேக்க அடுத்த அஞ்சு அத்திவாரம் வெட்டட்டும். ஒரே மேசன் குழு தொடர்ந்து வேலை இருக்கிறதால ஊரிலயே நிக்கும். மேசனுக்கு நாள் கூலி பேசாமல் கட்டத்துக்கு இவ்வளவு எண்டு பேசுங்கோ, முற்காசு கால்வாசிக்கு மேல வேண்டாம். சாமான் வாங்க மூண்டு கடையில விலை எழுத்தில எடுங்கோ. மணல் அனுமதியைச் சங்கத்தின்ர பேரில ஒண்டாக் கேட்டுப் பாருங்கோ. சீமெந்தை மட்டும் ஒரேயடியா வாங்கிக் குவிக்காதேங்கோ. மூண்டு மாதம் கிடந்தா பலத்தில ஐந்தில ஒரு பங்களவில போயிடும். பலகை போட்டு, சுவரில இருந்து ஒரு அடி தள்ளி, பத்துப் பக்கற் உயரத்துக்கு மேல அடுக்காமல் வையுங்கோ.

கிணறு, உள்வீதி, வடிகால் மாதிரிப் பொது வேலையளையும் வெளி ஒப்பந்தக்காரருக்கு விடத் தேவையில்லை. 1984ல பிரேமதாச பிரதமரா இருக்கேக்க தொடங்கின பத்து லட்சம் வீட்டுத் திட்டக் காலத்திலயே, சமுதாய ஒப்பந்தம் எண்ட பேரில குடியிருப்புச் சங்கங்களே இப்படியான வேலையை எடுத்துச் செய்தவை. அந்த முறை இண்டைக்கும் இருக்கு.

கொம்பனி பற்றிக் கேட்டீங்கள். போருக்குப் பிறகு 65,000 இரும்புப் பொருத்து வீடு தாறம் எண்டு ஒரு திட்டம் வந்தது நினைவிருக்கும். ஒரு வீட்டுக்கு 21 லட்சத்துக்கு மேல விலை. அந்த விலைக்கு உள்ளூர்ச் சனம் இரண்டு கல்வீடு கட்டும். சூடு, அத்திவாரம், பிறகு அறை நீட்ட ஏலாமை எண்டு பொறியியலாளரும் சனமும் எதிர்த்து, அது கைவிடப்பட்டது. அந்தக் காசில பெரும்பகுதி ஊருக்கு வெளியால போயிருக்கும். சனம் கட்டேக்க கல்லு அரியிறவர், தச்சர், மேசன் எல்லாரும் ஊருக்குள்ள உழைக்கினம், வெடிப்பு வந்தா பூசவும் ஊரில ஆள் இருக்கு.

ஒரு இடத்தில மட்டும் 'நீங்களே கட்டுங்கோ' எண்டு விட ஏலாது. தனியா இருக்கிற முதியவர், காலை இழந்தவர், சின்னப் பிள்ளையளோட தனிச்சு நிக்கிற தாய். இவையிட்டக் காசை மட்டும் குடுத்தா மேசனும் கடைக்காரரும் ஏமாத்த வழி பிறக்கும். இந்தக் குடும்பங்களை முதல் ஐந்திலயே சேருங்கோ, கடைசிக்குத் தள்ளாதேங்கோ, கடைசியில விலையும் ஏறி உதவிக்கு ஆளும் இராது. காசு அவையின்ர கணக்கிலயே இருக்கட்டும், ஆனா சாமான் எண்ணி இறக்கிறதும் மேசனோட கதைக்கிறதும் சங்கத்தில ஒருத்தற்ற பொறுப்பு எண்டு எழுதி வையுங்கோ. சக்கர நாற்காலி ஓடுற வீடெண்டா சரிவுப் பாதை 12க்கு 1, அதாவது ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை ஒண்டரை அடி உயர்த்தினா 18 அடி நீளச் சரிவு வேணும், அதுக்கு முத்தத்தில இடம் இருக்கோ எண்டு கயிறு பிடிக்கிற நாளிலயே பாக்கோணும். கதவு இடைவெளி மூண்டடி. மலசலகூடத்தை வளவின்ர கோடியில கட்டாமல் வீட்டோட ஒட்டிக் கட்டுங்கோ, நிலம் மட்டமா இருக்கட்டும், வாசலில படி வேண்டாம்.