ஊதியப் பட்டியலில் தோற்ற பேரரசு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எனக்கு முன்னர் பேசி அமர்ந்திருக்கும் எதிரணித் தலைவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

பிரெஞ்சு ஆப்பிரிக்காவில் காலனியாட்சியின் பிடியைத் தளர்த்தியதில் பெரும்பங்கு அரசியல் கட்சிகளுக்கா, தொழிற்சங்கங்களுக்கா என்பது இன்றைய தலைப்பு. தொழிற்சங்கங்களுக்கே என்று வாதிட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் 1946ஆம் ஆண்டைத் தம் கோட்டையாக வைத்துக்கொண்டு பேசினார். அவ்வாண்டு ஏப்ரலில் கட்டாய உழைப்பை ஒழித்த சட்டம் ஹூஃபுவே-புவானியின் பெயரால் வழங்குகிறது. மே மாதத்தில் காலனி மக்களுக்குக் குடியுரிமை தந்த சட்டம் லமீன் கெயின் பெயரால் வழங்குகிறது. முன்னவர் ஐவரி கோஸ்ட்டிலிருந்தும் பின்னவர் செனகலிலிருந்தும் தேர்வாகிப் பாரிஸ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர்கள். ஆகவே பிடி தளர்ந்தது மன்றத்திலேயன்றி வேலைத்தளத்தில் அன்று என்றார். சங்கங்கள் கூலி உயர்வு கேட்டனவே தவிர விடுதலை கேட்கவில்லை என்றும் சொன்னார். இரண்டாவதாக அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையிலிருந்தே என் வாதத்தைத் தொடங்குகிறேன்.

ஏப்ரலுக்கு முன்பு ஜனவரி வருகிறது, நடுவர் அவர்களே. 1945 டிசம்பரில் செனகலின் டக்கார் துறைமுகத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஜனவரியில் உலோகத் தொழிலாளர், எழுத்தர், அரசு ஊழியர் என்று பரவிப் பொது வேலைநிறுத்தமாக மாறியபோது, காலனி நிர்வாகம் பாரிஸிலிருந்து தொழில் தகராறு வல்லுநர் ஒருவரை வரவழைத்துச் சங்கங்களோடு உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. அதுவரை ஆப்பிரிக்கர் வேலைக்கு வராவிட்டால் அது கலகம். இப்போது அது பேச்சுவார்த்தைக்குரிய தகராறு. அந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வைவிட ஆழமானது குடும்பப்படி. காலனிக் கூலி என்பது தனியாளின் கூலியாகவே கணக்கிடப்பட்டது. தொழிலாளியின் மனைவியும் பிள்ளைகளும் எங்கோ ஒரு கிராமத்தில் தங்கள் நிலத்தில் விளைந்ததைத் தின்று பிழைத்துக்கொள்வார்கள் என்பது அக்கணக்கின் அடியில் இருந்த அனுமானம். பிரெஞ்சுக்காரருக்குக் கொடுக்கும் குடும்பப்படியை எங்களுக்கும் கொடு என்று டக்கார் ஊழியர்கள் கேட்டபோது, எங்கள் பிள்ளைகளும் இதே நகரத்தில்தான் இதே விலையில் அரிசி வாங்கி உண்கிறார்கள் என்று அந்த அனுமானத்தையே மறுத்தார்கள். அரசு ஊழியர்களுக்குக் குடும்பப்படி கிடைத்தது, ஊதியப் படிநிலைக்கேற்ப விகிதம் வைத்துத்தான் என்றாலும். பாரிஸில் எதிரணி போற்றும் இரண்டு சட்டங்களும் நிறைவேறியது இதற்குச் சில மாதங்கள் கழித்து. இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று எதிரணியினர் சொல்லக்கூடும். சட்டத்துக்கு டக்கார் ஒன்றே காரணம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஆப்பிரிக்கத் தொழிலாளியை அதட்டி வேலை வாங்க முடியாது என்பது அம்மன்றத்துக்குப் புத்தகத்திலிருந்து தெரியவரவில்லை. (ஹூஃபுவே-புவானியும் ஒரு சங்கத்திலிருந்து வந்தவர்தான், 1944இல் அமைந்த ஆப்பிரிக்க விவசாயச் சங்கம் அது. தோட்ட முதலாளிகளின் சங்கம் என்பதால் அதை என் கணக்கில் சேர்க்காமல் விட்டுக்கொடுக்கிறேன்.)

இப்போது ரயில்வேக்கு வருகிறேன். சற்று விரிவாகப் பேச அனுமதி வேண்டும். என் வாதத்தின் பாதி அந்தத் தண்டவாளத்தின் மேல்தான் நிற்கிறது.

பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்க ரயில்வேயில் அப்போது ஐரோப்பியர் 500 பேருக்கும் குறைவு. நிரந்தரப் பணிவரிசையில் இருந்த ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 1,700 பேர். இவர்களுக்கு வெளியே, ஆண்டுக்கணக்கில் வேலை செய்தும் தற்காலிகத் துணைப் பணியாளர்கள் என்றே பெயர் வைக்கப்பட்டவர்கள் 15,000க்கும் அதிகம். இந்தப் பிரிவினை சங்கத்தையும் பிளந்திருந்தது. 1938 செப்டம்பரில் செனகலின் தியேஸ் நகரில் துணைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நிரந்தரப் பணியாளரின் சங்கம் அவர்களோடு சேரவில்லை. படையினர் சுட்டதில் ஆறு பேர் மாண்டார்கள். பாரிஸில் மக்கள் முன்னணி என்ற இடதுசாரிக் கூட்டணி ஆட்சியில் இருந்தபோது நியமிக்கப்பட்ட ஆளுநரின் காலத்திலேயே அது நடந்தது. அதே முன்னணி பாரிஸில் ஆண்டபோதுதான் 1936 ஜூலை 30 அன்று நம் புதுச்சேரியில் சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதையும் அவை நினைவில் கொள்ள வேண்டும். அந்த முன்னணி 1937 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சங்க உரிமை அளித்தது உண்மை. ஆனால் உறுப்பினராகச் சேரப் பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதோடு தொடக்கக் கல்விச் சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. கரி அள்ளிப் போடுகிறவனிடம் சான்றிதழ் கேட்ட அந்த நிபந்தனையின் நோக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

தியேஸின் இப்ராஹிமா சார் 1946இல் சங்கத் தலைமைக்கு வந்ததும் செய்த முதன்மையான வேலை, நிரந்தரப் பணியாளரையும் துணைப் பணியாளரையும் ஒரே சங்கத்தில் சேர்த்ததுதான். கோரிக்கையும் அதற்கேற்ப ஒன்றாயிற்று: ஐரோப்பியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் ஒரே பணிவரிசை, அதாவது ஒரே ஊதிய, பதவி உயர்வு விதிகள். 1947 ஏப்ரலில் பிரான்சின் குடியரசுத் தலைவர் வேன்சான் ஒரியோல் டக்காருக்கு வருகை தந்த நேரம் பார்த்துச் சங்கம் வேலைநிறுத்தத்தை அறிவித்தது. வரவேற்பு வளைவுகள் கட்டியிருக்கும் ஊரில் ரயில் நின்றுபோனால் அரசுக்கு எப்படி இருக்கும்? ஒரே பணிவரிசை என்ற கொள்கையை நிர்வாகம் உடனே ஒப்புக்கொண்டது. விருந்தினர் திரும்பிச் சென்று சில மாதங்கள் கழித்து அதன் உள்ளடக்கத்தை மறுத்தது. 1947 அக்டோபர் 10 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. டக்காரிலிருந்து பமாக்கோவைக் கடந்து நைஜர் நதிவரை போகும் பாதை, கொனாக்ரியிலிருந்து கிளம்பும் பாதை, அபிஜான் பாதை, இன்று பெனின் எனப்படும் தஹோமியின் பாதை ஆகிய நான்கிலுமாக ஏறத்தாழ 20,000 பேர் வேலையை விட்டு இறங்கினார்கள். அது 1948 மார்ச் 19 வரை, ஐந்து மாதங்களுக்கு மேல் நீடித்தது.

எதிரணித் தலைவர் பெருமையோடு குறிப்பிட்ட அரசியல் தலைவர்கள் அந்த ஐந்து மாதங்களில் எங்கே இருந்தார்கள்? செனகலின் நாடாளுமன்ற உறுப்பினரும் பின்னாளில் அதன் குடியரசுத் தலைவருமான செங்கோர் தனிப்பட்ட முறையில் சங்கத் தலைவர்களைச் சந்தித்து அனுதாபம் தெரிவித்தார், மேடையேறி ஆதரிக்கவில்லை. லமீன் கெயும் துணைக்கு வரவில்லை. ஐவரி கோஸ்ட்டின் ரயில்வே தொழிலாளர்கள் ஜனவரித் தொடக்கத்திலேயே வேலைக்குத் திரும்பினார்கள். அதில் ஹூஃபுவே-புவானியின் கை இருந்தது என்றே அக்கால நிர்வாகம் கருதியது. வேலைநிறுத்தத்தைத் தாங்கியவர்கள் வேறு ஆட்கள்: சங்கத்தின் கூட்டுறவுக் கடை, கடன் கொடுத்த சந்தை வணிகர்கள், ஊரிலிருந்து தானியம் கொண்டுவந்த உறவினர்கள், குடும்பத்தை ஓட்டிய பெண்கள். புதிய ஆளுநர் வந்து பேசியபின் உடன்பாடு ஏற்பட்டது. ஊதியத்தில் 20 விழுக்காடு உயர்வு கிடைத்தது. வேலைநிறுத்தம் செய்ததற்காக யாரையும் பழிவாங்குவதில்லை என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. துணைப் பணியாளரில் ஒரு பகுதியினர் நிரந்தரமாக்கப்பட்டார்கள். கேட்டது முழுவதும் கிடைத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி எதிரணியின் கூர்மையான கேள்விக்கு வருகிறேன். இவையெல்லாம் கூலிச் சண்டைதானே, இதில் காலனி எதிர்ப்பு எங்கே? இப்ராஹிமா சார் பிரான்சை வெளியேறச் சொல்லவில்லை. புதிய பிரான்ஸ் தன் பிள்ளைகள் அனைவரையும் கடமையிலும் உரிமையிலும் சமமாக நடத்த வேண்டும் என்றார். ராஜவிசுவாசம் போல ஒலிக்கும் இந்தப் பேச்சுதான் பேரரசுக்குத் தப்பிக்க வழியில்லாத பொறியாக அமைந்தது. 1946க்குப் பிறகு பாரிஸ் சொல்லிக்கொண்டிருந்தது என்ன? காலனிகள் என்று எதுவும் இல்லை, பிரெஞ்சு ஒன்றியம் ஒன்று, அதன் குடிமக்கள் அனைவரும் பிரெஞ்சுக்காரரே என்பதுதான். அப்படியானால் அதே சம்பளம், அதே குடும்பப்படி, அதே விடுப்பு எங்கே என்று சங்கம் கேட்டது. இல்லை என்று சொன்னால் நிறவேறுபாட்டை ஒப்புக்கொண்டதாகும். சரி என்று சொன்னால் செலவு செய்ய வேண்டும். விடுதலை கேட்டவனைச் சிறையில் தள்ளலாம்; உன் சட்டப்படி எனக்குச் சேர வேண்டியதைக் கொடு என்று கேட்டவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கேள்வி ஒருமுறை கேட்கப்பட்டு நின்றுவிடவில்லை. கடல்கடந்த நிலப்பகுதிகள் என்று பெயர் மாற்றப்பட்ட காலனிகளுக்கான தொழிலாளர் சட்டம் ஆண்டுக்கணக்காகப் பாரிஸில் இழுபட்டது. 1952 நவம்பர் 3 அன்று மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் ஒரு நாள் பொது வேலைநிறுத்தம் நடந்தது. டிசம்பர் 15 அன்று சட்டம் வந்தது. அது வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்றது. உடனே கினியின் முதலாளிகள் வேலை நேரம் 48இலிருந்து 40க்குக் குறைந்ததால் சம்பளமும் அதே விகிதத்தில் குறையும் என்றார்கள். மணிக்கூலியை 20 விழுக்காடு உயர்த்தினால் 40 மணி நேரத்துக்குப் பழைய 48 மணி நேரச் சம்பளம் வந்துவிடும் என்று சங்கம் கணக்குப் போட்டுக் காட்டி, 1953 செப்டம்பரிலிருந்து இரண்டு மாதங்களுக்கும் மேலாக வேலைநிறுத்தம் நடத்தி வென்றது. நடத்தியவர் அஞ்சல்துறை எழுத்தராக இருந்து, பின்னாளில் கினியின் முதல் குடியரசுத் தலைவரான சேக்கு தூரே. அவருடைய கட்சி கினியின் கிராமங்களுக்குள் வேர்விட்டது அந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான்.

செலவு ஏறிக்கொண்டே போனபோது பாரிஸ் என்ன செய்தது என்பதை 1956 ஜூன் 23ஆம் தேதியின் கட்டமைப்புச் சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்கக் குழு, எல்லோருக்கும் வாக்குரிமை என்று எதிரணியினர் அதைக் கட்சிகளின் வெற்றியாகக் காட்டுவார்கள். அதே ஏற்பாட்டின் கீழ் அரசுப் பணிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன: சில பாரிஸின் பொறுப்பு, பெரும்பாலானவை அந்தந்த நிலப்பகுதியின் பொறுப்பு. ஆசிரியருக்கும் எழுத்தருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியது இனி உள்ளூர் வரவு செலவுத் திட்டம். பிரெஞ்சுக்காரருக்கு இணையான சம்பளம் வேண்டும் என்று கேட்டால், உங்கள் அமைச்சரைப் போய்க் கேளுங்கள் என்று பாரிஸ் கைகாட்டிவிடலாம். அதிகாரத்தை விட்டுக்கொடுத்தாவது இந்தச் சம்பளப் பட்டியலைத் தலையிலிருந்து இறக்கிவைக்க வேண்டும் என்று ஒரு பேரரசுக்குத் தோன்றியது என்றால், அந்தப் பட்டியலை நீளச் செய்தவர் யார்?

சஹாராவுக்கு வடக்கேயும் சுருக்கமாகப் பார்க்க வேண்டும். 1952 ஜனவரியில் துனிசியாவின் பூர்கிபா உள்ளிட்ட கட்சித் தலைவர்கள் கைதானபின் போராட்டத்தைச் சுமந்தது, ஃபர்ஹாத் ஹஷாத் 1946இல் நிறுவிய துனிசியத் தொழிலாளர் பொது ஒன்றியம். டிசம்பர் 5 அன்று அவர் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் மொராக்கோவின் காசாபிளாங்கா தொழிலாளர்கள் அண்டை நாட்டுச் சங்கத் தலைவருக்காகத் தெருவில் இறங்கி உயிர் கொடுத்தார்கள். கேமரூனின் ரூபன் உம் நியோபே கட்சித் தலைவர்தானே என்றார் எதிரணித் தலைவர். அவர் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். அவருடைய கட்சியை 1948 ஏப்ரலில் தொடங்கியவர்களில் முதன்மையானவர்கள் சங்கக்காரர்கள்.

1958 செப்டம்பர் 28 அன்று பிரெஞ்சுப் பிரதமர் தெ கோல் நடத்திய பொதுவாக்கெடுப்பையும் பாருங்கள். பிரான்சோடு இருப்பதா, உடனே விலகுவதா என்பது கேள்வி. செங்கோர் ‘ஆம்’ என்றார். ஹூஃபுவே-புவானி ‘ஆம்’ என்றார். அரசாங்கக் குழுவின் தலைமையில் இருந்தவர்களில் ‘வேண்டாம்’ என்று பிரசாரம் செய்தவர்கள் கினியின் சேக்கு தூரேயும் நைஜரின் ஜிபோ பக்காரியும். இருவரும் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர்கள். பக்காரி தோற்றார். கினியில் 11 லட்சத்து 36 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ‘வேண்டாம்’ என்று வாக்களித்தார்கள். ‘ஆம்’ என்றவர்கள் 57,000க்கும் குறைவு.

சங்கத் தலைவர்களே பிறகு அமைச்சர்களாகிக் கட்சிக்குள் கரைந்துவிட்டார்களே என்று எதிரணி கேட்கும். கரைந்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. சேக்கு தூரேயின் அரசு 1961இல் ஆசிரியர் சங்கத் தலைவர்களைச் சிறையில் அடைத்தது. வேலைநிறுத்தத்தால் மேலே வந்தவருக்கு அதன் வலிமை மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். செனகலின் இப்ராஹிமா சாரும் அமைச்சரானார். 1962இல் பிரதமர் மமது தியாவோடு கைதாகி, செங்கோரின் ஆட்சியில் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். 1947 அக்டோபரிலிருந்து 1948 மார்ச் வரை, ரயில்வே தொழிலாளரோடு வெளிப்படையாக நின்று அதற்கான விலையைக் கொடுத்த கட்சித் தலைவர் ஒருவரின் பெயரை அவர் இந்த அவைக்குச் சொல்லட்டும். சொன்னால், நடுவர் அவர்களே, தீர்ப்பை அவர்கள் பக்கம் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.