பைப்லைனுக்குள் ஒரு டூலை விடும் முன்

வணக்கம் மக்களே. ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார்: “அண்ணா, நாங்கள் நாலு பேர் டீம், ஏடபிள்யூஎஸ்ஸில் (அமேசானின் கிளவுட்) ஆப் ஓடுகிறது, எந்த செக்யூரிட்டி டூல் போடலாம்?” இதற்கு நான் முதலில் கேட்பது, அந்த டூல் ஓடும்போது உங்கள் சாவிகளில் (பாஸ்வேர்டு, டோக்கன் மாதிரி ரகசியங்கள்) எதெல்லாம் அதன் கைக்கு எட்டும் என்பதுதான். எத்தனை ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் என்பதெல்லாம் அப்புறம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், 2021இல் கோட்கவ் விஷயம் நடந்தது. கோடில் எவ்வளவு பகுதியை டெஸ்ட்கள் தொடுகின்றன என்று பார்க்கிற டூல் அது. அதன் பாஷ் ஸ்கிரிப்டை யாரோ மாற்றிவிட்டார்கள், ஜனவரி 31இல் தொடங்கி ஏப்ரல் 1 வரை யாருக்கும் தெரியவில்லை, அந்த இரண்டு மாதமும் அதை ஓடவிட்ட சிஐ பைப்லைன்களில் (கோடைத் தானாகவே பில்ட், டெஸ்ட் செய்யும் ஏற்பாடு) இருந்த டோக்கன், பாஸ்வேர்டு எல்லாம் வெளியே ஒரு சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வாடிக்கையாளர் ஸ்கிரிப்டின் ஹாஷை, அதாவது ஃபைலின் கைரேகை மாதிரியான குறியீட்டை, சரிபார்த்தார், பொருந்தவில்லை, அப்படித்தான் பிடிபட்டது. 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸின் சேஞ்ச்ட்-ஃபைல்ஸ் என்ற கிட்ஹப் ஆக்‌ஷனிலும் (பைப்லைனில் சேர்த்துக்கொள்ளும் ரெடிமேட் துண்டு) இதே மாதிரி. பழைய வெர்ஷன் டேக்குகளையே (வேறு கோடுக்கு மாற்றி ஒட்டக்கூடிய பெயர்ச்சீட்டுகள்) திருட்டு கோடுக்குத் திருப்பிவிட்டார்கள். 23,000க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. டேக்குக்குப் பதிலாக, ஒரே ஒரு கோடு நிலையை மட்டும் காட்டும் 40 எழுத்து கமிட் ஹாஷைப் போட்டு வைத்திருந்தவர்களை, அந்த நேரத்தில் புதிய ஹாஷுக்கு மாறாதவரை, இது தொடவில்லை.

சரி, டூலுக்கு வருவோம். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பெரிய ஸ்கேனரை வாங்கிப் போட்டார்கள். முதல் நாளே எண்ணூறு எச்சரிக்கை. இரண்டாவது வாரம் எல்லோரும் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டோம். அதே சமயம் ஒரு பழைய கமிட்டில் ஏடபிள்யூஎஸ் சாவி அப்படியே கிடந்தது; ஃபைலை அழித்தாயிற்று என்று நம்பியிருந்தோம், ஆனால் பழைய மாற்றங்களையெல்லாம் வைத்திருக்கும் கிட் ஹிஸ்டரியில் அது எங்கேயும் போகவில்லை. கோடில் கிடக்கும் சாவிகளைத் தேடும் இலவச டூலான கிட்லீக்ஸ்தான் அதைக் காட்டியது. அதனால் நாலு பேர் டீமுக்கு முதல் டூல் அதுதான், கமிட் செய்யும் முன்பே ஓடும்படி வையுங்கள். சாவி கசிந்தது தெரிந்தால் முதலில் அந்தச் சாவியை ரத்து செய்துவிட்டுப் புதியது எடுங்கள், ஹிஸ்டரியைப் பிறகு சுத்தம் செய்யலாம்.

அடுத்தது ட்ரிவி, ஏற்கெனவே தெரிந்த ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர். கன்டெய்னர் இமேஜ் (ஆப்பையும் அது ஓடத் தேவையானதையும் கட்டிய பொதி), லைப்ரரிகள், கிளவுட் அமைப்பை எழுதி வைக்கும் டெர்ராஃபார்ம் ஃபைல் எல்லாவற்றையும் பார்க்கும். இன்னும் ஃபிக்ஸ் வராதவற்றை மறைக்க அதிலேயே வழி உண்டு, ஆரம்பத்தில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எதை முதலில் சரிசெய்வது என்று குழப்பமா? அமெரிக்காவின் சிசா அமைப்பு, உண்மையிலேயே தாக்குதலுக்குப் பயன்படுத்தப்பட்ட ஓட்டைகளின் பட்டியலை வெளியிடுகிறது, அதில் இருப்பவை முதலில். பில்டை நிறுத்துவதும் அவற்றுக்கு மட்டும் போதும், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி யாராவது அந்தச் சோதனையையே தூக்கிவிடுவார்கள்.

எஸ்பாம், அதாவது உங்கள் ஆப்பில் எந்தெந்த லைப்ரரி இருக்கிறது என்ற பட்டியலும் எடுத்து வையுங்கள், ட்ரிவியே தரும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பெரிய ஓட்டை வெளியே வந்தபோது “நம்மிடம் இது எங்கே இருக்கிறது” என்று தேடுவதற்கே பல டீம்களுக்கு நாள்கணக்கில் ஆனது.

அப்புறம் தம்பி, இதற்குக் காசே வேண்டாம்: கிட்ஹப்பில் நிரந்தர ஏடபிள்யூஎஸ் சாவி வைத்திருந்தால் எடுத்துவிட்டு ஓஐடிசிக்கு (சாவியைச் சேமித்து வைக்காமல் கிட்ஹப் தன் அடையாளத்தைக் காட்டி ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் போகும் முறை) மாறுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சிறிது நேரமே செல்லும் தற்காலிகச் சாவிதான் கிடைக்கும். எந்த டூல் திருடினாலும், அது காலாவதி ஆகும் வரைதான் உதவும். அடுத்த வீடியோவில் இதை ஸ்கிரீனில் செய்து காட்டுகிறேன், அதற்குள் உங்கள் வொர்க்ஃப்ளோ ஃபைலில் எத்தனை ஆக்‌ஷன்கள் வெறும் டேக்கில் நிற்கின்றன என்று எண்ணி வையுங்கள்.